பொலிசில கரட்டுக்கு டோச் அடிச்ச கதை

அண்டைக்கு எனக்கிருந்த ஒரே வேலை, பொலிசில பதியிறது.

சண்டைக் காலம். வடக்கில பிறந்தவன் கொழும்புக்கு வந்து ஒரு வீட்டில தங்கினா, பக்கத்துப் பொலிசுக்குப் போய், தான் ஆர், ஏன் வந்தவன் எண்டு சொல்லவேணும். நான் சுவீடனில ஆராய்ச்சிப் படிப்புப் படிச்சுக்கொண்டிருந்தனான். லீவுக்கு வெள்ளவத்தையில அக்கா வீட்டை வந்து நிண்டன்.

எனக்குச் சிங்களம் பஸ்ஸால இறங்கிற அளவுக்குத்தான் தெரியும். அதால அத்தானும் கூட வந்தார். போற வழியில மார்க்கெட்டில மரக்கறியும் வாங்கினார். அதுதான் முதல் பிழை.

பொலிஸ் வாசலில காவலுக்கு நிண்டவை பையைக் கொட்டிப் பார்த்தினம். லீக்ஸ், கரட். சரி, போங்கோ எண்டு விட்டிட்டினம்.

உள்ளுக்க இருந்த இன்ஸ்பெக்டர் நல்ல மனுசன் மாதிரித்தான் இருந்தார். என்ன வேலை எண்டு கேட்டார். படிக்கிறன் எண்டு சொல்லியிருந்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கும். ஆனா நான் படிச்சவன். விளக்கம் குடுக்கவேணுமே.

கரட்டில இருக்கிற செம்மஞ்சள் சாயத்தில வெளிச்சம் பட்டா என்ன நடக்குது எண்டு ஆராயிறன் எண்டன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அத்தானிட மடியில இருந்த கரட்டைப் பார்த்தார்.

எதால ஆராயிறது எண்டு கேட்டார். லேசரால எண்டன். அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படேல்லை. அடுத்த மேசையில டைப் அடிச்சுக்கொண்டிருந்தவரும் நிப்பாட்டிட்டார்.

நிலைமையைச் சீராக்குவம் எண்டு நான் இன்னும் விளக்கினன். வெளிச்சம் பட்ட உடன சாயத்துக்குள்ள சக்தி ஏறும், ஆனா தங்காது, கண் சிமிட்டுறதை விடக் கோடானுகோடி மடங்கு கெதியா இறங்கிடும், அதைப் பிடிக்கத்தான் லேசரை மின்னல் மாதிரி ஒண்டுக்குப் பின்னால ஒண்டா அடிக்கிறம் எண்டன். அத்தான் பாவம், வேர்த்து வேர்த்து மொழிபெயர்த்தார். சக்தி ஏறும், சடாரெண்டு வெளியில வரும் எண்டு சொல்லிப்போட்டார்.

இன்ஸ்பெக்டர் கதிரையை மெல்லப் பின்னால தள்ளினார்.

"வெடிக்குமா?" எண்டு அத்தானைக் கேட்டார்.

இல்லை, சூடா மாறி அடங்கிடும், இலையிலயும் இந்தச் சாயங்கள் இருக்கிறதாலதான் கூடின வெயிலுக்கு அது கருகாம நிக்குது எண்டு நான் கையையும் காலையும் ஆட்டி விளங்கப்படுத்தினன். அவர் நம்பேல்லை. செய்து காட்டச் சொன்னார்.

லேசர் கிடக்கிறது சுவீடனில. ஒரு கொன்ஸ்டபிள் போய் டோச் லைட் கொண்டுவந்தார். மேசையில ஒரு கரட்டை வச்சினம். இன்னொருத்தர் ஜன்னலைச் சாத்தினார். முழு ஸ்டேசனும் சுத்தி நிண்டுது. களவுக் கேசில பிடிபட்டு, சுவரோர வாங்கில குந்தியிருந்தவரும் எட்டிப் பார்த்தார்.

டோச்சை அடிச்சன். கரட் கரட்டாவே கிடந்தது.

எப்ப நடக்கும் எண்டு இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நடந்து முடிஞ்சுது" எண்டன்.

அத்தான் அதை மொழிபெயர்க்காம என்னையே பார்த்தார்.

"சொல்லுங்கோ அத்தான். உண்மையா முடிஞ்சுது."

சொன்னார். திருப்பி அடிக்கச் சொல்லிச்சினம். இந்த முறை ஒருத்தரும் கண்ணை மூடேல்லை. அடிச்சன். இப்பவும் முடிஞ்சுது எண்டன். களவுக் கேஸ்காரர் மட்டும் தான் கண்டதாச் சொன்னார். அவரைப் பேசி இருத்தினாங்கள்.

இதைவிடச் சின்ன விசயங்களுக்கே பெடியங்களை மாதக்கணக்கா உள்ளுக்க வச்சிருந்த காலம். இன்ஸ்பெக்டர் அத்தானை ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய் மெதுவா ஏதோ கேட்டார். அத்தான் தலையைக் குனிஞ்சுகொண்டு பதில் சொன்னார்.

திரும்பி வந்த இன்ஸ்பெக்டர் என்ர முதுகைத் தடவினார். பிளேன்டீ தந்தார். சீனி கூடப் போட்டு. பதிஞ்சு, அனுப்பியும் விட்டார்.

றோட்டுக்கு வந்தாப் பிறகு, மூலையில என்ன கேட்டவர் எண்டு அத்தானை விசாரிச்சன்.

"எவ்வளவு காலமா இவருக்கு இப்பிடி எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வெளிநாட்டுக்குப் போனதில இருந்து எண்டன்."

மரக்கறிப் பையை மற்றக் கைக்கு மாத்தினார். பிறகு, எப்பிடியும் டொக்டர் பட்டம் வரத்தானே போகுது, இனி ஆர் கேட்டாலும் டொக்டர் எண்டு மட்டும் சொல்லும், கரட்டை இழுக்காதையும் எண்டார்.

அடுத்த கிழமை பம்பலப்பிட்டிச் செக்பொயின்டில மறிச்சினம். அத்தான் சொன்னபடியே டொக்டர் எண்டன்.

ஆமிக்காரன் துவக்கைத் தோளில மாட்டிப்போட்டு, வாயைத் திறந்து நாக்கை நீட்டினான்.