மூன்று பக்கம் ஷார்ட்டேஜ்

சாமியே கோயிலை விட்டு அவசரமாக வெளியே கிளம்பினாலும், "பையத் தெறந்து காட்டிட்டுப் போங்க" என்று மறித்து நிற்கக்கூடிய ஒரே பிறவி எங்கள் ஷார்ட்டேஜ் அக்காதான்.

பல்லடம் ரோட்டில் பழைய எம்பிராய்டரி மெஷின்களைப் பழுதுபார்க்கும் கடையின் மாடியில் எனக்கு வேலை. அந்த மெஷின்களில் டிசைன் ஏற்றும் மென்பொருளுக்கு ஒரு காலத்தில் தலையணை தண்டிக்குப் புத்தகம் அச்சடித்துக் கொடுத்தார்கள். மெஷின் இன்னும் ஓடுகிறது, புத்தகம்தான் கந்தலாகிவிட்டது. அதை ஸ்கேன் செய்து, பிழை திருத்தி, ஆபரேட்டர்கள் செல்போனில் படிக்கிற மாதிரி மாற்றவேண்டும். மாற்றுவது நான். சரிபார்ப்பது அக்கா.

இங்கே வருவதற்கு முன் அக்கா பனியன் கம்பெனியில் செக்கிங். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எது கண்ணில் பட்டாலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுகிற வேலை. உள்ளே போன பீஸ் வெளியே வரும்போது குறைந்தால் அதற்குப் பெயர் ஷார்ட்டேஜ். திருப்பூரில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. எங்களிடம் வந்தும் ஆள் மாறவில்லை. பக்கத்தை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடிப்பார், ஓரத்தை இழுத்துப் பார்ப்பார். என் கம்ப்யூட்டர் திரையிலேயே அம்புக்குறியை ஒட்டுவார். மறுநாள் பக்கம் மாறியிருக்கும், அம்புக்குறி மட்டும் ஒரு பாவமும் அறியாத வேறொரு வரியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும்.

'ஏதாவது ஒரு கீயை அழுத்தவும்' என்ற வரியால் ஒரு மத்தியானமே போயிற்று.

"எந்தக் கீன்னு சொல்லாம நழுவறான் பாத்தியா கண்ணு? மெஷின் நின்னுபோச்சுன்னா, நீ அமுத்துனதுதான் தப்புன்னு நம்ம தலையில கட்டறதுக்கு!"

"எதை அமுத்துனாலும் சரிதானுங்கக்கா."

"அப்பிடித்தான் சொல்லுவாங்க."

நான் தினமும் தாராபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவதில் அக்காவுக்குத் தனிச் சந்தேகம். "இத்தன தூரம் இந்த வேலைக்கு எதுக்கு வரோணும்?" என்று என் முகத்துக்கு நேராகவே டீக்கடைக்காரரிடம் கேட்பார்.

முதல் புத்தகத்தை முடித்தேன். ஓனர் கறாராகச் சொல்லியிருந்தார்: "அக்கா பாஸ் பண்ணீட்டா வேலை உங்களுக்குத்தான் தம்பி. இல்லீன்னா திங்கக்கெழம வர வேண்டாமுங்க."

அக்கா புத்தகத்தையும் என் பிரிண்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணினார். விரலில் எச்சில் தொட்டு மறுபடி எண்ணினார்.

"மூணு பக்கம் கொறையுது."

வாஸ்தவம்தான். நட்டநடுவில் 'இந்தப் பக்கம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டுள்ளது' என்று ஒரே வரி போட்ட பக்கங்கள் அவை. செல்போனில் எதற்கு என்று நான் எடுத்துவிட்டேன்.

"அது காலிப் பக்கமுங்கக்கா."

"காலின்னா அதுல வரி எதுக்கு? வேணும்னேதான் உட்டேன்னு அவனே எழுதறான். சும்மா எழுதுவானா? எங்க வெச்சிருக்கறே, சொல்லு."

அன்று சாயங்காலம் வாசலில் என் பையைச் சோதித்தார். டிபன் கேரியரில் ரசம் மிச்சமிருந்த கிண்ணத்தைக்கூட விடாமல் ஆட்டிப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வேலை போவது ஒருபக்கம் இருக்கட்டும், காலிக் காகிதம் திருடியவன் என்ற பெயரோடா போவது?

பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு கம்பெனிப் பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். "பீஸ் கொறையுதுன்னாங்க. ரிஜெக்ட் ஆனதையெல்லாம் கட்டாக் கட்டிக் காட்டிப்போட்டேன். அப்பறம் ஒருத்தரும் கேக்கலை" என்றாள் ஒருத்தி. அட, இதுதானே சங்கதி!

மறுநாள் அந்த மூன்று பக்கங்களையும் பிரிண்ட் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் சிவப்பு அம்புக்குறி ஒட்டி, 'ரிஜெக்ட்' என்று எழுதி, பனியன் துணிக் கிழிசலால் கட்டி அக்காவின் மேஜையில் வைத்தேன். பிரித்தார். வெளிச்சத்தில் பிடித்தார். சேர்த்து எண்ணினார். கணக்கு சரியாக வந்தது.

"ரிஜெக்சன்னு மொதல்லயே சொல்லியிருக்கோணுமல்லோ கண்ணு? அது எல்லாக் கம்பெனிலயும் இருக்கறதுதான். ஷார்ட்டேஜ்தான் ஆகாது."

ஃபைல் பாஸாயிற்று. திங்கட்கிழமை நானும் வேலைக்கு வந்தேன். பை சோதனை மட்டும் நிற்கவில்லை.

"அதான் பாஸ் பண்ணீட்டீங்களே, இன்னும் எதுக்குங்கக்கா?"

"ஃபைலத்தான் பாஸ் பண்ணுனேன். உன்னைய இன்னும் பண்ணலை."

போன மாதம் வேறு வேலை கிடைத்துக் கிளம்பினேன். கடைசி நாளும் விடவில்லை மகராசி. பையை உதறி, கேரியரைக் கவிழ்த்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "செரி, போ" என்றார். ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் குறைந்தா போய்விடுவார் என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வீடு வந்தேன்.

கழுவப் போட்டபோதுதான் பார்த்தேன். கேரியரின் அடியில் சின்னதாகப் பச்சை ஸ்டிக்கர்: 'பாஸ்'. அந்தப் பக்கம் சோப்புத் தண்ணீர் படாமல்தான் இன்றுவரை கழுவுகிறேன்.