மச்சினன் பேர் போட்ட சொம்பு

இனிமேல் அந்தச் சொம்பில் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை என்று சுருளிப்பட்டி அம்மாவாசி ஒரு பங்குனி மத்தியானத்தில் சபதம் செய்தான். சபதம் செய்தபோது அந்தச் சொம்பில்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நல்ல வெயில். பாதியில் விட மனசு வரவில்லை. குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அப்புறம் சபதத்தைத் தொடங்கினான்.

சொம்பின் மேல் குற்றம் ஒன்றுமில்லை. கனத்த பித்தளை. தட்டினால் கோயில் மணி மாதிரி நின்று ஓயும். குற்றமெல்லாம் அதன் வயிற்றில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பேரில் இருந்தது. 'கூடலூர் கர்ணன்.'

கர்ணன் அவன் பெண்டாட்டி பஞ்சம்மாளின் அண்ணன். தங்கச்சி கல்யாணத்தில் சீர் கொடுத்தவன், கொடுத்தோம் போனோம் என்று இருக்கவில்லை. கொடுத்த சாமான் எல்லாவற்றிலும் பேர் வெட்டிக் கொடுத்திருந்தான். குடத்தில் கர்ணன். தவலையில் கர்ணன். கரண்டிக் காம்பில் இடம் பத்தாமல் 'கூ. கர்ணன்'. பருப்பு மத்து மரம் என்பதால் அதில் கம்பியைக் காய்ச்சிச் சூடு போட்டு எழுதியிருந்தது. அம்மாவாசி பள்ளிக்கூடம் போனது ஒரே ஒரு மழைக்காலம். அவனுக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்து கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் மச்சினன் பேரை வாசித்தே தேய்த்துவிட்டான்.

வீட்டோடு போனால் பரவாயில்லை. ஊரில் கல்யாணம், காதுகுத்து என்றால் அந்தத் தவலை இரவல் போகும். "கர்ணன் தவலையில ரசம் இருக்கு, எடுத்தாங்கப்பா" என்பான் ஒருத்தன். "கர்ணன் தவலையக் கழுவியாச்சா" என்பாள் ஒருத்தி. சுருளிப்பட்டியில் பிறந்து, சுருளிப்பட்டித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் அம்மாவாசி. ஊர்ப் பந்தியில் முழங்குவது கூடலூர்க்காரன் பேர். அவனுக்கு ரசம் தொண்டையில் இறங்காது.

இது போதாதென்று மாசி மாதத்திலிருந்து ஒரு விசேஷம். பஞ்சம்மாள் சோற்றுக்குப் பக்கத்தில் சொம்பைக் கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம், பேர் இருக்கிற பக்கம் சரியாக அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றது. முன்பெல்லாம் அப்படியில்லை. அது பாட்டுக்குச் சுவரைப் பார்த்து நிற்கும்.

அந்தக் கர்ணன் இப்போது கூடலூரில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தான். வைகாசியில் பால் காய்ச்சு. கூடப் பிறந்தவள் சீர் கொண்டு போக வேண்டும் என்பது வழக்கம். "இங்கனயிருந்து ஒரு அகப்பைகூட அங்கன போகாது" என்று அம்மாவாசி தையிலேயே சொல்லிவிட்டான். பஞ்சம்மாள் "சரிங்க" என்றாள். அதற்கு முன்னால் மார்கழியில், மலைக்காற்று வீட்டுக்குள் புகுந்து எலும்பைத் தடவிக்கொண்டிருந்தபோது, வெந்நீர் போட ஒரு தாமிர அண்டா வேண்டும் என்று கேட்டிருந்தாள். "ஆறு ஓடுற ஊருல வெந்நீருக்கு அண்டாவா" என்று அதையும் தள்ளிவிட்டான். அதற்கும் "சரிங்க" என்றாள்.

அவள் சரிங்க என்றால் அம்மாவாசிக்கு உடம்பு இளகிவிடும். கொஞ்சம் உயரமாகிவிட்ட மாதிரி இருக்கும்.

சபதம் செய்த கையோடு அடுப்படி வாசலில் போய் நின்றான்.

"ஏ புள்ள, அடுப்படியைப் பூராம் மாத்தப் போறேன்."

"அடுப்பையுமா?"

"அடுப்பு கிடக்கட்டும். பாத்திரத்தச் சொல்றேன். உங்க அண்ணன் குடுத்தது அத்தனையும் பரண்ல ஏறணும். எல்லாம் புதுசு. எல்லாத்துலயும் என் பேரு."

"குடத்துல?"

"குடத்துல."

"மூடியில?"

"மூடியிலயும்."

"அஞ்சறைப் பெட்டியில?"

"அதுலயுந்தான்."

"உள்ள இருக்கிறது மொளகா சீரகமான்னு உங்க பேரப் பாத்தாத் தெரியாது. சரிங்க, இருக்கட்டும். சித்திரையில வீரபாண்டித் திருவிழாவுக்குப் போவம்ல, அங்கன பாப்பம். பாத்திரக் கடை வரிசையா இருக்கும்."

இவ்வளவு லேசாக முடியும் என்று அம்மாவாசி நினைக்கவில்லை. சண்டைக்குச் சேர்த்து வைத்திருந்த மூச்சு மிச்சமாகிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு போய் வாய்க்கால் கரைப் புன்னை மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தான்.

படுத்தவுடன் அடுப்படி வந்தது. புகையே இல்லாத அடுப்படி. மலையிலிருந்து இறங்குகிற மஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒன்று தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே குடங்கள் மிதந்தன. ஒவ்வொன்றும் முழு நிலா. நிலாவின் வயிற்றில் புள்ளி புள்ளியாக அவன் பேர். கரண்டிகள் வரிசையாக, மீன் குஞ்சு மாதிரி, வாலை ஆட்டிக்கொண்டு போயின. வாலில் எல்லாம் அவன் பேர். அப்போது கர்ணன் வந்தான். வெயிலில் நடந்த கால். நாக்கு ஒட்டிப்போயிருந்தது. "மாப்ளே, கொஞ்சம் தண்ணி" என்றான். அம்மாவாசி அவசரப்படவில்லை. சொம்பை மெதுவாக, பேர் தெரியத் திருப்பி நீட்டினான். கர்ணன் குனிந்து வாசித்தான். எழுத்தெழுத்தாக வாசித்தான். வாசித்து முடிக்கும்வரை தண்ணீர் கொடுக்கவில்லை.

வாய்க்கால் தண்ணீர் சலசலத்தது. கனவுக்குள்ளேயே இன்னொரு முறை வாசிக்கச் சொன்னான்.

சித்திரை வந்தது. வண்டி கட்டினார்கள். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஊர்கள் வந்து வந்து பின்னால் போயின. நெல் விற்ற காசு அம்மாவாசி மடியில் இருந்தது. மாட்டு மணிச் சத்தத்தில் அவனுக்குக் குடமும் தவலையும் தென்னந்தோப்புக்குள்ளே மினுக்கிக்கொண்டே கூட வருவதுபோல் இருந்தது. பஞ்சம்மாள் தூங்கவில்லை. விரலை மடக்கி மடக்கி என்னமோ யோசித்துக்கொண்டு வந்தாள்.

வீரபாண்டியில் ஆத்தாளைக் கும்பிட்டு, முல்லையாற்றில் கால் நனைத்துவிட்டுக் கடை வரிசைக்குள் நுழைந்தார்கள். முதல் கடையில் அலுமினியப் பாத்திரம் அடுக்கியிருந்தது. அம்மாவாசிக்கு அந்த வெள்ளை மினுக்கு பிடித்துப்போனது. பஞ்சம்மாள் ஒன்றை எடுத்து ஒற்றை விரலில் தொங்கவிட்டாள்.

"காத்தடிச்சா இதத் தேடி வரப்புக்கு ஓடணும். நீங்க ஓடுவீகளா?"

ஓட மாட்டான். நகர்ந்தார்கள்.

பித்தளைக் கடைக்காரர் பிச்சைமணி. வாங்குகிற பாத்திரத்துக்கு அங்கேயே பேரும் வெட்டித் தருகிறவர். அம்மாவாசி வாயைத் திறப்பதற்கு முன்பே, பஞ்சம்மாளை ஒரு தரம் பார்த்துவிட்டு, "வாங்க, வாங்க. பேரு சுருளிப்பட்டி அம்மாவாசிதான? வெட்டிருவோம்" என்றார்.

அம்மாவாசி கடைக்கம்பைப் பிடித்துக்கொண்டான். நம் பேர் வீரபாண்டி வரைக்கும் வந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியாமல் போய்விட்டது.

அந்தச் சந்தோஷத்திலேயே அவன் நின்றான். தேர்ந்தெடுத்தது எல்லாம் பஞ்சம்மாள். குடத்தை விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். விரிசல் இருந்தால் சத்தம் பாதியில் செத்துப்போகுமாம். விளிம்பைத் தடவிப் பார்த்தாள். கையைக் கிழிக்கிற விளிம்பு வேண்டாம். வாணலியைத் தரையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். ஆடி நின்றதை ஒதுக்கினாள், ஆடாமல் நின்றதை எடுத்தாள். புளி ஊற்றுகிற பாத்திரம் என்றால் உள்ளே ஈயம் சரியாகப் பூசியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். காம்பு சூடேறாத கரண்டி. மூடினால் நீராவி தப்பாத மூடி. பார்வைக்கு மட்டும் இருந்த பூ வேலைச் சொம்பைக் கையால்கூடத் தொடவில்லை.

ஒரே ஒரு இடத்தில் அம்மாவாசிக்குச் சின்னச் சந்தேகம் வந்தது.

"ஏ புள்ள, இந்தக் குடம் உன் இடுப்புக்குச் சின்னதால்ல இருக்கு. நீ வளத்தியில்ல."

"போகப் போகப் பழகிரும்."

"அருவாமணையும் தாழ்வா இருக்கே. காலு மடங்காது உனக்கு."

"உங்க பேரு வெட்ட இதுலதாங்க எடம் நிறைய இருக்கு."

அது சரிதான். எல்லாவற்றிலும் பேர் வெட்டச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து மச்சினன் பாத்திரம் பரணில் ஏறியது. தினம் மூன்று வேளையும் தன் பேரைப் பார்த்துக்கொண்டே அம்மாவாசி சாப்பிட்டான். தன் பேர் போட்ட சொம்பில் குடித்த தண்ணீர் தனியாக இனித்தது. ஒரு வாரம் அப்படியே மேகத்துக்கு மேலே போயிற்று.

அப்புறம் ஒரு நாள் பஞ்சம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே பேச்செடுத்தாள்.

"அடுத்த வீட்டுச் சுப்புத்தாய் வந்துச்சுங்க. பாத்திரத்தப் பாத்துச்சு."

"என்ன சொல்லுச்சு?" அவன் மீசையைத் தடவிக்கொண்டான்.

"வேணாம், விடுங்க."

"அட, சொல்லு புள்ள."

"பாவம் அம்மாவாசி அண்ணே, குடுக்க ஆளில்லாம தனக்குத்தானே சீர் செஞ்சுக்கிட்டாகளான்னு கேட்டுச்சு."

மீசையில் இருந்த கை அங்கேயே நின்றது.

"அது சொன்னதும் ஒரு வகையில நெசந்தாங்க. எந்த வீட்டுக்குப் போனாலும் பாத்திரத்துல இருக்கிறது குடுத்தவக பேரு. நம்ம அடுப்படியில நம்ம பேரு இருந்தா யாரு படிப்பா? நீங்க படிக்கணும். இல்ல பூனை படிக்கணும்."

அம்மாவாசி மீசையிலிருந்து கையை எடுத்தான்.

"எங்க அண்ணன் குடுத்து வச்சவுக. பேர அடுத்த வீட்டுல வச்சுட்டு அவுக பாட்டுக்கு இருக்காக. என்ன, அவுக புது வீட்டு அடுப்படிதான் ஒரு பேரும் இல்லாம மொட்டையா நிக்குதாம்."

சொல்லிவிட்டுக் கீரைத் தண்டைக் கிள்ளிப் போட்டாள். அம்மாவாசி பரணைப் பார்த்தான். புதுக் குடத்தைப் பார்த்தான். அவன் கண் மெதுவாகச் சொருகியது. கர்ணன் காலையில் எழுந்திருக்கிறான். தண்ணீர் கேட்கிறான். சொம்பு வருகிறது. சொம்பில் அம்மாவாசி. சோறு வருகிறது. கரண்டியில் அம்மாவாசி. கூடலூர்க் கல்யாணப் பந்தியில் ஒருத்தன் கத்துகிறான்: அம்மாவாசி பாத்திரத்த எடுத்தாங்கப்பா. கர்ணனுக்கு ரசம் இறங்கவில்லை.

"ஏ புள்ள." அவன் நிமிர்ந்தான். "எனக்கு ஒரு ரோசனை தோணுது."

"என்னங்க?"

"இது அத்தனையையும் உங்க அண்ணன் வீட்டுல கொண்டுபோய் எறக்குனா என்ன?"

பஞ்சம்மாள் பதறிப்போனாள். "ஐயய்ய, வேணாங்க. ஆசையா வாங்குனது. ஒரு அகப்பைகூடப் போகாதுன்னு சொன்னீகள்ல."

"அகப்பை போகாது. எல்லாம் போகும்."

"உங்க பேச்ச நீங்களே மீறலாமா?"

"நான் போட்ட பேச்சு, நான் மீறுவேன். குறுக்க பேசாத."

"சரிங்க" என்றாள் பஞ்சம்மாள்.

வைகாசியில் கூடலூருக்கு வண்டி போனது. புது வீட்டில் சுண்ணாம்பு வாசனை. அம்மாவாசி யாரையும் விடவில்லை. தானே சுமந்து, தானே அடுக்கினான். ஒவ்வொரு பேரும் வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தான். கர்ணன் பெண்டாட்டி ராக்கம்மாள் குள்ளமான பெண். "எதுக்குண்ணே இம்புட்டும்" என்று சொல்லிக்கொண்டே குடத்தை எடுத்தாள். குடம் அவள் இடுப்பில் அளவெடுத்து வார்த்த மாதிரி உட்கார்ந்தது. அருவாமணையில் உட்கார்ந்தாள். கால் அழகாக மடங்கியது.

அம்மாவாசி திரும்பிப் பஞ்சம்மாளைப் பார்த்தான். அவள் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் கர்ணன் புதுச் சொம்பில் தண்ணீர் மொண்டான். பேரைப் பார்த்தான். எழுத்தெழுத்தாக வாசித்தான். "சுருளிப்பட்டி அம்மாவாசி. நல்லா வெட்டியிருக்கான் மாப்ளே" என்றான். வாய்க்கால் கரையில் கண்டது அப்படியே நடந்தது. வெள்ளையாக எதுவோ தரையில் ஓடுகிற மாதிரிகூட இருந்தது. அடுப்புப் புகைதான். இருந்தாலும் அம்மாவாசி அதில் கொஞ்ச நேரம் மிதந்தான்.

சாப்பிட்டு முடித்து வண்டி பூட்டும்போது, உள்ளேயிருந்து ஆட்கள் தூக்க மாட்டாமல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தாமிர அண்டா. சாயங்கால வெயிலில் இன்னொரு சூரியன் மாதிரி சிவந்து வந்தது. வண்டியில் ஏற்றியதும் மாடுகள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தன.

"சீர் கொண்டுவந்த வண்டிய வெறுமனே அனுப்புனா நல்லாருக்காது மாப்ளே" என்றான் கர்ணன்.

அண்டாவின் வயிற்றில் எழுத்து வெட்டியிருந்தது. தள்ளி நின்றே படிக்கலாம். அம்மாவாசி எழுத்துக் கூட்டிப் படித்தான். 'சுருளிப்பட்டி அம்மாவாசிக்கு கூடலூர் கர்ணன் கொடுத்தது.'

"இது எப்ப வாங்குனது மச்சான்?"

"மாசியிலயே பிச்சைமணிட்ட சொல்லி வச்சுட்டேன். தங்கச்சிதான் ஆள் விட்டுச்சு. வைகாசிக்கு அவுக சீரோட வாராக, வெந்நீர் அண்டா இல்லாம சிரமப்படுறோம்னு. ஒங்க பேர எப்பிடி வெட்டணும்னுகூட அதுதான் சொல்லி அனுப்புச்சு."

வண்டி கூடலூரைத் தாண்டியது. அம்மாவாசிக்கு உட்கார இடமில்லை. அண்டாவில் சாய்ந்துகொண்டு கணக்குப் போட்டான். அவன் சபதம் போட்டது பங்குனி. கர்ணனுக்கு ஆள் போனது மாசி. எத்தனை தரம் போட்டாலும் மாசி முன்னால்தான் வந்தது. மலைமேல் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. மாட்டு மணி ஒரே சீராகக் கேட்டது.

"ஏங்க, இப்ப ஒங்க பேரும் நம்ம அடுப்படிக்கு வந்துருச்சுல்ல" என்றாள் பஞ்சம்மாள்.

அவனுக்குத் தாகமாக இருந்தது. புதுச் சொம்பு கூடலூரில் இருந்தது. பஞ்சம்மாள் மூட்டைக்குள் கையை விட்டுப் பழைய சொம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றி நீட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். குடித்து முடித்துக் கண்ணைத் திறந்தபோதுதான் கவனித்தான். கர்ணன் பேர் அந்தப் பக்கம், மலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அதற்கு இனி இவனிடம் வேலை ஒன்றும் இல்லை.