பன்னீர் வாங்கப் போன மாமனார்

எங்கள் ஆட்கள் மாப்பிள்ளை விசாரிக்கும் விதத்தைக் கண்டால் பொலிஸ்காரரே வெட்கப்படுவார்கள். பெடியனுக்கு என்ன வேலை, விசா இருக்கிறதா, யாருடைய சொந்தம் என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாகக் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்கள்: "குடிப்பாரோ?" என்னை விசாரித்தவர் இதற்காக என்னைப் பல்கேரியாவுக்கே கூட்டிக்கொண்டு போனார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் லண்டனில் மோர்டன் பக்கம் ஓர் அறையில் இருந்துகொண்டு கணக்காளர் ஒருவரிடம் எடுபிடி வேலை பார்த்தேன். (ஊருக்கு எழுதும்போது 'எக்கவுண்டன்ட்'.) மாலதியைக் கட்ட எனக்கு விருப்பம், அவளுக்கும் விருப்பம். அவளுடைய அப்பா சிவகுரு அங்கிளுக்கு மிச்சம் என்ற பக்கத்து ஊரில் பலசரக்குக் கடை. பியர் விற்க மனமில்லாமல் அதற்கு லைசென்ஸே எடுக்காதவர். அவரைச் சம்மதிக்க வைப்பது மட்டும்தான் பாக்கி.

ஒருநாள் என்னைக் கடைக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, கலியாண வாசலில தெளிக்கிற பன்னீர் இஞ்ச முழுக்கத் தண்ணியும் சென்ட்டும். பல்கேரியாவில ரோசாத் தோட்டம் தோட்டமா நிக்குதாம். மலிவா ஒரு பக்கேஜ் கிடைச்சிருக்கு. நேரில பாத்து வாங்குவம். துணைக்கு வாறீரோ?"

"ஓம் அங்கிள்."

மாலதி அன்றே போன் எடுத்தாள். "துணைக்கில்லை, உங்களைச் சோதிக்கத்தான். அப்பாவுக்குச் சாராய மணமே ஆகாது. கவனம்."

சோபியா நகரில் இருந்து ஒரு சின்ன வான் வண்டியில் புறப்பட்டோம். எங்களோடு ஓய்வுபெற்ற சில வெள்ளைக்காரர்கள். வழிகாட்டி எலேனா என்ற பெண். செர்ரி மரங்கள், கழுதை வண்டிகள், கம்பத்து உச்சியில் நாரைக் கூடுகள் என்று பார்த்தபடியே ரோஜாப் பள்ளத்தாக்குக்கு வந்தோம். தோட்டத்தில் பெண்கள் பூப்பறித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிள் மண்ணைக் கிள்ளிப் பார்த்து, "எங்கட செம்பாட்டு மண்ணுக்குக் கிட்டவும் வராது," என்றார். ஆனால் முகம் மலர்ந்திருந்தது. நான் பாதி மாப்பிள்ளை ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்து எலேனா எங்களை ஒரு மண்மேட்டுக்குள் குனியவைத்துக் கூட்டிப்போய், சுவரில் இருந்த பழைய ஓவியங்களைக் காட்டினாள். அழகான ஓவியங்கள். வெளியே வந்தபிறகுதான் அது ஓர் அரசனின் கல்லறை என்பது அங்கிளுக்கு விளங்கியது.

"செத்த வீட்டுக்கா கூட்டிக்கொண்டு போனவள்?"

"அங்கிள், அவர் செத்து ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல."

"எண்டாலும் துடக்குத் துடக்குத்தான். முழுகாமல் நான் பச்சைத் தண்ணியும் வாயில வைக்க மாட்டன்."

சொன்னபடியே மதியச் சாப்பாட்டையும் தொடவில்லை. பசியில் அவர் முகம் சுருங்கச் சுருங்க, என் கலியாணம் தூரப் போய்க்கொண்டிருந்தது.

கடைசியாக ரோஜா வடிக்கும் இடத்துக்கு வந்தோம். நாட்டு உடை உடுத்த ஒரு பெண் வாசலில் தட்டோடு நின்றாள். தட்டில் ரொட்டி, உப்பு, கழுத்து ஒடுங்கிய ஒரு செப்புப் பாத்திரம். அசல் எங்கள் பன்னீர்ச் செம்பு. மூக்கை வைத்தேன், ரோஜா மணம் தூக்கியடித்தது. (காலையில் இருந்து ரோஜாவையே மணந்த மூக்குக்கு வேறு எதுவும் பிடிபடவில்லை.) பன்னீர் தெளித்தால் துடக்கும் போகும், எனக்கு நல்ல பெயரும் வரும். செம்பை எடுத்து அங்கிளின் தலையில் தாராளமாகக் கவிழ்த்தேன்.

அங்கிள் கண்ணை மூடி "சிவ சிவா" என்று முகமெல்லாம் தடவிக்கொண்டார். கொஞ்சத்தில், "கண் எரியுது, தம்பி," என்றார்.

"ஒறிஜினல், அங்கிள். அதுதான்."

திரும்பிப் பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் கையில் குட்டிக் கிளாஸ்களோடு வரிசையில் நின்றார்கள். அவ்வளவு துக்கமான முகங்களை நான் கல்லறையில்கூடப் பார்க்கவில்லை. எலேனா மெதுவாகச் சொன்னாள், அது ரோஜா போட்டு வடித்த அவர்கள் நாட்டுச் சாராயம் என்று.

திரும்பும் வழியில் வானுக்குள் ரோஜா மணம் போய்விட்டது. மற்ற மணம் போகவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஹோட்டலில் அவர் முழுகினார், கோட்டு முழுகவில்லை. ஈரத் துவாயால் துடைத்தோம், பவுடர் போட்டோம். கோட்டைப் போட்டுக்கொண்டுதான் லண்டன் திரும்பினார், ஏனென்றால் அவரிடம் இருந்தது அந்த ஒரு கோட்டுத்தான்.

கதவைத் திறந்த அன்ரி, மாலதியின் அம்மா, ஒருமுறை மூச்சிழுத்தார்.

"இஞ்சாருங்கோ, குடிச்சனீங்களோ?"

"சத்தியமா இல்லையப்பா. தம்பியைக் கேளும்."

"நான்தான் அன்ரி தலையில ஊத்தினனான். பன்னீர் எண்டு நினைச்சு. கல்லறைக்குப் போன துடக்குக் கழிக்க," என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நம்பக்கூடியதாக இல்லை.

அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "மாலதி, உனக்கு இந்தப் பிள்ளையையே கட்டிவைப்பம். உன்ர அப்பாவைக் காட்டிக் குடுக்காமல் எவ்வளவு பெரிய பொய்யைத் தன்ர தலையில போடுறார், பார்," என்றார்.

அது பொய்யில்லை என்று அங்கிள் திரும்பவும் சத்தியம் பண்ணிப் பார்த்தார், அன்ரி நம்பவில்லை. அவரால் வேறு என்ன செய்ய முடியும்? அந்தக் கோடையிலேயே கலியாணம் நடந்தது.

இன்றுவரை ஒரு சொட்டும் தொடாத அந்த மனிதர்தான் எங்கள் குடும்பத்தின் ஒரே குடிகாரர். விருந்துகளில் நான் இரண்டாவது கிளாஸ் வைனுக்குக் கையை நீட்டும்போதெல்லாம் மாலதி சொல்வாள்:

"காணும், வையுங்கோ. பிறகு அப்பா மாதிரி வந்திடுவீங்கள்."

எதிரில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் மாமா என்னைப் பார்ப்பார். நான் கிளாஸைப் பார்ப்பேன்.