முப்பத்தெட்டுப் பேர் குளித்த கடல்

மன்னார் வளைகுடாவின் விலை தலைக்கு ஐந்து ரூபாய். உலகம் தோன்றிய நாள்முதல் இவ்வளவு பெரிய சரக்கை இவ்வளவு மலிவாக எவரும் விற்றதில்லை என்பதைச் சரித்திரம் படித்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். அலைக்குத் தனிக் கட்டணம் இல்லை. உப்பு இலவசம். பார்த்து முடித்ததும் சரக்கை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது ஒன்றுதான் குறை.

அந்த விலையிலும் பேரம் பேசிய ஒரே மனிதர் என்ற பெருமை, விஸ்வநத்தத்துக்கு மேற்கே பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் தங்கப்பாண்டியன் அவர்களையே சேரும்.

"முப்பத்தெட்டு டிக்கெட் மொத்தமா எடுக்கோம். கழிவு எம்புட்டு?" என்று டிக்கெட் ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கேட்டார்.

"கடலுக்குக் கழிவு கிடையாதுங்க."

"முழுக் கடலையுமா குளிக்கப் போறோம்? கரையோரத்துல இடுப்பளவு தண்ணி. அதுக்கு என்ன வெல?"

உள்ளே இருந்தவர் முப்பத்தெட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். தூத்துக்குடிக்குத் தெற்கே, அரசு வேலி போட்டு, பலகை நட்டு, காவலர் நியமித்துக் காப்பாற்றி வரும் 'பாதுகாக்கப்பட்ட பொதுக் கடற்கரை' அது. கடலிடமிருந்து மக்களைப் பாதுகாக்கிறார்களா, மக்களிடமிருந்து கடலைப் பாதுகாக்கிறார்களா என்பது பலகையில் இல்லை. மற்றபடி பதினான்கு விதிகள் இருந்தன.

இந்தப் புனிதப் பயணத்துக்குக் காரணம் ஒரு கடிதம். 2007 மார்ச்சில் பாதுகாப்பு வாரம் வந்தது. லைசென்சைப் புதுப்பிக்க வேண்டுமானால், "தொழிலாளர் நலன் பேணப்படுவதற்கான ஆதாரத்தை இணைக்கவும்" என்று மேலிடம் எழுதியிருந்தது. மற்ற முதலாளிகள் முதலுதவிப் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினார்கள். தங்கப்பாண்டியன் விசாலமான மனசுக்காரர். தொழிலாளர்கள் கடலில் குளித்துச் சிரிக்கிற மாதிரி ஒரு கலர் போட்டோ அனுப்பத் தீர்மானித்தார். நெருப்போடு பழகுகிறவர்களைத் தண்ணீரில் நிறுத்திக் காட்டினால் அதைவிடப் பெரிய பாதுகாப்பு என்ன இருக்கிறது?

லைசென்ஸ்படி கம்பெனியில் முப்பத்தெட்டுப் பேர். வேலை பார்ப்பவர்கள் தொண்ணூற்றொரு பேர். இடையில் உள்ள ஐம்பத்து மூன்று பேரைக் குற்றம் என்று சொல்வது தொழில் தெரியாதவர்கள் பேச்சு. அதற்குப் பெயர் 'சீசன்'. அந்த சீசன் பன்னிரண்டு மாதமும் நீடித்தது.

இந்த ஐம்பத்து மூன்று பேரையும் நிர்வகிக்கும் கலை போர்மேன் சங்கிலிமுத்துவுடையது. அதிகாரி ஜீப் திருப்பத்தில் தெரிந்ததும் வாட்ச்மேன் விசில் ஊதுவார். இரண்டே நிமிடம். ஐம்பத்து மூன்று பேரும் பின்வாசல் வழியாக உடைமரக் காட்டுக்குள் கரைந்துபோவார்கள். ஒரு செருப்புகூட மிஞ்சாது. அதிகாரி காபி குடித்து, முப்பத்தெட்டை எண்ணி, கையெழுத்துப் போட்டுப் போகும்வரை காட்டுக்குள் ஒரு இருமல் சத்தம் கேட்காது. உலகத்தில் மந்திரவாதிகள் புறாவை மறைத்துப் பேர் வாங்குகிறார்கள். சங்கிலிமுத்து ஐம்பத்து மூன்று பேரை மறைத்தும் அடக்கமாகவே இருந்தார்.

அவருடைய நேர்மைக்கு இன்னொரு சான்றும் உண்டு. அவர் மனைவி குருவம்மாள் பதினான்கு வருடமாக அங்கேதான் வேலை பார்த்தாள். ஆனாலும் கணக்கில் சேர்த்தால் சொந்தக்காரிக்குச் சலுகை காட்டியதாக நாலு பேர் பேசக்கூடும் என்று அவளை ஐம்பத்து மூன்றிலேயே வைத்திருந்தார்.

"முப்பத்தெட்டுப் பேருக்கு மட்டுந்தான் கடலு," என்று அவர் அறிவித்த அன்று குருவம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"கடலு பாக்க முப்பத்தெட்டு. திரி சொருக மட்டும் தொண்ணூத்தொண்ணா? இனிமே லோடையும் முப்பத்தெட்டுப் பேர வச்சே முடிச்சுக்கிடுங்க."

"ஏ, நீ வேற! மொதலாளி காதுல விழப்போகுது."

"விழட்டும்னுதான் சத்தமாச் சொல்லுதேன்."

விழுந்தது. தங்கப்பாண்டியன் ஒரு நிமிடம் யோசித்தார். வடக்கே இருந்து வந்த ஆர்டர் நினைவுக்கு வந்தது. "எல்லாரும் வரட்டும்லே. டிக்கெட்டு முப்பத்தெட்டு. போட்டோவுல முப்பத்தெட்டு. மத்தது ஒன் பொறுப்பு."

சங்கிலிமுத்து பொறுப்பை நிறைவேற்றினார். அதே முப்பத்தெட்டு டிக்கெட்டுகள் மூன்று முறை உள்ளே போய், இரண்டு முறை வேலிக்கு மேலே வெளியே வந்தன. வாசல்காரர் டிக்கெட்டை எண்ணினார். முகத்தை எண்ணச் சொல்லி அவருக்கு உத்தரவு இல்லை. ரெஜிஸ்டரில் சங்கிலிமுத்துவே எழுதினார்: உள்ளே சென்றோர் 38.

கடற்கரைக் காவலர் ராக்கப்பன் பதினொரு வருடமாக அங்கே விசிலும் கையுமாக நிற்பவர். இப்படியொரு கூட்டத்தை அவர் பார்த்ததில்லை. வந்தவர்கள் முதலில் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். பெண்கள் கொண்டை ஊசியையும் சேலை ஊக்கையும் கழற்றிப் பெட்டியில் போட்டார்கள். ஆண்கள் இடுப்புச் சாவியையும் பீடியையும் ஒப்படைத்தார்கள். ரோஜா என்ற பெண் தண்ணீருக்கு ஒரு சாண் முன்னால் நின்றுகொண்டு, "போர்மேன் அண்ணே, செம்புத் தகடு எங்க இருக்கு?" என்று கேட்டாள். கம்பெனியில் வெடிமருந்து ரூமுக்குள் நுழையும் முன் உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். தொடாமல் கால் வைத்தால் கடல் வெடித்துவிடுமோ என்று அவளுக்குச் சந்தேகம்.

"என்னா ஒழுக்கம், என்னா ஒழுக்கம்!" என்று ராக்கப்பன் உருகினார். "மதுரையில இருந்து வாறவனெல்லாம் பாட்டிலோட வாறாம்வே. நீங்க எந்த ஊரு மகராசனுவ?"

"சிவகாசிப் பக்கம் சார்," என்றார் சங்கிலிமுத்து, நெஞ்சு நிமிர.

தொண்ணூற்றொரு பேரும் கடலில் இறங்கினார்கள். நகக்கண்ணில் வருடக்கணக்காக ஏறியிருந்த அலுமினியப் பொடி கழன்று தண்ணீர் வெள்ளியாய் மினுங்கியது. குடையடியில் நாற்காலி போட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்த முதலாளி, முப்பத்தெட்டுப் பேரை மட்டும் முன்னால் நிறுத்திப் போட்டோ எடுக்க வைத்தார். "சிரிங்கலே! நலமா இருக்கீகள்ல? அது மூஞ்சில தெரியணும்!"

எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். பாண்டிராஜ் என்ற லோடுமேன் உற்சாக மிகுதியில் மிதவைக் கயிற்றைத் தாண்டி நீந்தினான். விதி எண் ஆறு. ராக்கப்பன் காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கடலை நோக்கி நடந்தபடியே ஓங்கி விசில் ஊதினார்.

அவ்வளவுதான்.

ஐம்பத்து மூன்று தலைகள் காணாமல் போயின.

காட்டைத் தேடி ஓடத்தான் கால்கள் எழுந்தன. காடு இல்லை. இருந்தது கடல் ஒன்றுதான். முங்கிவிட்டார்கள். மருந்து நெடியில் மூச்சை அடக்கிப் பழகிய நெஞ்சுகள். எடுத்த எடுப்பில் ஒருவரும் மேலே வரவில்லை. வந்தவர்களும் காக்கியைக் கண்டதும் மறுபடி உள்ளே போனார்கள். மீதி முப்பத்தெட்டுப் பேர் சொல்லாமலே கரையேறி வரிசையாகக் கைகட்டி நின்றார்கள்.

ராக்கப்பனுக்கு விசில் வாயிலேயே நின்றுவிட்டது. முதலில் நின்ற ரோஜாவைப் பார்த்து, "எம்மா, என்னா நடக்கு இங்கன?" என்றார்.

"பதினெட்டு முடிஞ்சிருச்சு சார்," என்றாள் ரோஜா.

"வயசையா கேட்டேன்? யோவ் போர்மேன்! தொண்ணூறு தல இருந்துச்சேவே இப்ப! மிச்சம் எங்க?"

"அது அலையா இருக்கும் சார்."

"சேலை கட்டுன அலையா?"

"வெயிலு சார். கண்ணக் கட்டும். எண்ணிப் பாருங்க, முப்பத்தெட்டு."

எண்ணினார். வாசல் குடிசைக்குப் போய் ரெஜிஸ்டரைப் பார்த்தார். அதிலும் முப்பத்தெட்டு. கண்ணைவிட ரெஜிஸ்டரை நம்புவதே அரசு ஊழியருக்கு அழகு. தலையை உலுக்கிக்கொண்டு டீ குடிக்க உட்கார்ந்தார். அந்த இடைவெளியில் முங்கியவர்களைக் கரையேற்றி, வந்த பஸ்ஸுக்குப் பின்னால் சேர்த்தார் சங்கிலிமுத்து. ஆனாலும் கணக்குப் பார்க்காமல் விடுகிறவர் இல்லை அவர். எண்ணினார். ஐம்பத்திரண்டு. மறுபடி எண்ணினார்.

குருவம்மாள் இல்லை.

சங்கிலிமுத்து குடையடிக்கு ஓடினார். "மொதலாளி, எம் பொண்டாட்டியக் காணல. கடலுக்குள்ள..."

"கத்தாதலே! உள்ள போனது எத்தன? முப்பத்தெட்டு. நிக்கிறது எத்தன? முப்பத்தெட்டு. யாரத் தேடச் சொல்லுவ?"

சங்கிலிமுத்து ராக்கப்பனிடம் ஓடினார். "சார், படகு வேணும்."

"ஆளு கொறையுதா?"

அவர் வாய் திறந்தது. பதினான்கு வருடமாக அந்த வாயில் முப்பத்தொன்பது என்ற எண் வந்ததே இல்லை. "கொறையல சார்."

"பொறவு எதுக்கு?"

"சும்மா... சுத்திப் பாக்க."

"ஆளு கொறைஞ்சாத்தாம்வே படகுக்கு டீசலு. விதி."

அப்போதுதான் முதலாளியின் வியாபார மூளை வேலை செய்தது. சங்கிலிமுத்துவின் தோளில் கைபோட்டு ஓரமாக இழுத்துப்போனார். "முப்பத்தெட்டுல ஒரு ஆள ஒளிச்சு வையி. முப்பத்தேழு ஆயிரும். படகு போவும். ஒம் பொண்டாட்டியத் தூக்கிட்டு வந்ததும் ஒளிஞ்ச ஆள வெளிய விடு. ஒனக்குப் பொண்டாட்டி, எனக்கு லைசென்சு. யாருக்கு நட்டம்?"

ரோஜா பஸ் சீட்டுக்கு அடியில் போனாள். ராக்கப்பன் எண்ணினார். முப்பத்தேழு. டீ கிளாஸைப் போட்டுவிட்டு எழுந்தார். "பேரு? வயசு? அடையாளம்?"

"ரோஜா. பதினெட்டு. மஞ்சச் சுடிதாரு."

படகு புறப்பட்டது. கையில் ஒலிபெருக்கியுடன் ராக்கப்பன் முன்னால். பக்கத்தில் சங்கிலிமுத்து, அடையாளம் காட்ட. மூன்றாவது மிதவைக்கு அப்பால் ஒரு பச்சைச் சேலை தெரிந்தது. நீரோட்டம் இழுத்துப்போக, மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குருவம்மாள் கிடந்தாள். படகைப் பார்த்தாள். படகில் காக்கியைப் பார்த்தாள்.

முங்கினாள்.

"இது ரோஜா இல்லவே," என்றார் ராக்கப்பன். "நாப்பது வயசு இருக்கும். சுடிதாரும் இல்ல."

"பரவாயில்ல சார், தூக்குங்க!"

"எப்படித் தூக்க? கணக்குல இல்லாத ஆளத் தூக்கி, கணக்குல உள்ள ஆளு போயிருச்சுன்னா யாரு பதில் சொல்ல? நீ மஞ்சச் சுடிதாரப் பாரு."

தலை மேலே வந்தது. வாயில் தண்ணீர் புகுந்து இருமினாள். காக்கி இன்னும் இருந்தது. மறுபடி உள்ளே போனாள். மூன்றாவது தடவை வந்தபோது மிதவையில் ஒரு கைதான் இருந்தது. அந்தக் கையும் வழுக்கிக்கொண்டிருந்தது. கணவர் கற்றுக்கொடுத்த கட்டுப்பாட்டை அந்த நிலையிலும் அவள் மீறவில்லை. நான்காவது முறையாக முங்கினாள். போன தடவைகளைவிட நேரம் ஆயிற்று.

சங்கிலிமுத்து ராக்கப்பன் கையிலிருந்த ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். தலை தெரிந்ததுதான் தாமதம்.

"குருவம்மா! முங்காத! நீ கணக்குல இருக்க!"

கடற்கரை முழுதும் எதிரொலித்தது. குடையடியில் இளநீர் சிந்தியது.

தண்ணீரைத் துப்பிவிட்டு அவள் கத்தினாள்: "எப்ப இருந்துங்க?"

"இப்ப இருந்து! எல்லாரும் இருக்கோம்! தொண்ணூத்தொரு பேரு! முங்கித் தொலையாத தாயி!"

"மொதலாளி சொல்லிட்டாகளா?"

"நாஞ் சொல்லுதேன்டி!"

ஒரு கணம் யோசித்துவிட்டு அவள் கையை நீட்டினாள். ராக்கப்பனே குனிந்து இழுத்துப் போட்டார்.

படகு கரை தட்டியபோது பஸ்ஸுக்குப் பின்னால் இருந்த ஐம்பத்திரண்டு பேரும் ஈரத்துணியோடு வெளியே வந்து நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. ஒலிபெருக்கியில் கேட்டது போதுமாயிருந்தது. ரோஜாவும் சீட்டுக்கு அடியிலிருந்து வந்தாள். ஒவ்வொருவராகப் பேரைச் சொன்னார்கள். சிலர் அப்பா பேரையும் சேர்த்துச் சொன்னார்கள். முதல் தடவை அல்லவா?

ராக்கப்பன் முழங்காலில் ரெஜிஸ்டரை வைத்து வெகுநேரம் எழுதினார். உள்ளே சென்றோர் 38. வெளியே வந்தோர் 91. பதினொரு வருட சர்வீஸில் கடல் ஆளை எடுத்துப் பார்த்திருக்கிறார்; கொடுத்துப் பார்த்ததில்லை. பேனாவைக் கடித்துவிட்டு, குறிப்புக் கட்டத்தில் எழுதினார்: 'கடலிலிருந்து வரவு, 53.'

தங்கப்பாண்டியனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. லைசென்ஸ் போனால் போகட்டும், கணக்கு இப்படித் தப்பாக எழுதப்படுவதை ஒரு வியாபாரி எப்படிச் சகிப்பார்?

"என்ன சார் கணக்கு எழுதுதீக? எங்க கம்பெனிக்கு வந்து பாருங்க. போன ஆடியில ஆறாம் நம்பர் ரூமு தரைமட்டமாச்சு. அன்னைக்குக்கூட எங்க ரெஜிஸ்டர்ல ஒரு ஆளு கூடல, ஒரு ஆளு கொறையல!"

"நெசந்தான் சார்," என்றாள் குருவம்மாள், சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டே. "அதையும் அங்கனயே எழுதிக்கிடுங்க. ஒரு ரூமுக்கு நாலு பேருன்னு லைசென்சு. உள்ள போனது ஏழு பேரு. வெளிய வந்தது நாலு பேரு. கணக்கு சரியாப் போச்சு."