மாடு ஒதுங்கவில்லை, நான் ஒதுங்கினேன்

கார் பந்தயத்தில் தோற்பதற்குப் பல கௌரவமான வழிகள் உண்டு. டயர் வெடிக்கலாம், எஞ்சின் கொதிக்கலாம், காரோடு தேயிலைக்குள் உருளலாம். மரியாதையால் தோற்றவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

அப்போது இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் மஜீத் நானாவின் துணிக்கடையில் டிரைவராக இருந்தேன். கடையின் கிழட்டுக் காரில் சேலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, டயகமவிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் வரை தேயிலைத் தோட்டம் தோட்டமாகச் சுற்றுவேன். விற்பனையைவிட முக்கியமான வேலை ஒன்று இருந்தது. தோட்டத்து ரோட்டில், தோட்டத்தை ஆளும் வெள்ளைக்காரத் துரையின் ஹார்ன் கேட்டால் நடப்பவன் குடையை மடக்குவான், சைக்கிள்காரன் இறங்குவான். நான் காரை ஓரங்கட்டி, இறங்கி, தொப்பியைக் கழற்றி நிற்பேன். நிற்காதவன் மறுநாள் அந்தத் தோட்டத்துக்குள் நுழைய முடியாது. பழக்கத்தில் என் கால் என்னைக் கேட்காமலே பிரேக்கை மிதிக்கும்.

டயகமப் பக்கம் ஒரு பெரிய துரைக்குக் கார் ஓட்டியவர் சின்னையா மாமா. அம்மாவுக்குத் தூரத்து அண்ணன் முறை. அவர் மகள் ராசம்மாவைக் கட்ட ஆசைப்பட்டேன். அவளுக்கும் சம்மதம் (என்று நானே முடிவு செய்திருந்தேன்). பெண் கேட்டுப் போன அம்மாவிடம் மாமா சொன்னார்:

"ஒம் மவன் ஓட்டுறது காரா, பொதி கழுதையா தங்கச்சி? ஏப்ரல்ல நுவரெலியாவுல ரேஸ் வருதுல்ல, அதுல கப்போட வரச் சொல்லு. அப்பறம் பேசுவோம்."

அந்தப் பந்தயத்தில் யாரும் சேரலாம் என்பது சட்டம். துரைமாரைத் தவிர யாரும் சேரமாட்டார்கள் என்பது நம்பிக்கை. மஜீத் நானாவிடம் காரைக் கேட்டேன்.

"வெல்லாட்டியும் பரவால்ல தம்பி. கதவுல இருக்கிற கடப் பேர சனம் நல்லா வாசிக்கணும்" என்று சாவியைக் கொடுத்தார்.

மொத்தம் மூன்று பந்தயம். மலை ரோட்டில் ஒவ்வொரு காராக இடைவெளி விட்டு அனுப்புவார்கள். குறைந்த நேரத்தில் உச்சிக்கு ஏறுபவருக்கு அதிகப் புள்ளி. முதல் இரண்டிலும் என்னைக் கடைசியாக அனுப்பினார்கள் (துணிக்கடைப் புழுதி துரைமார் மேல் படக்கூடாதாம்). வளைவுகளிலேயே வயிறு வளர்த்தவன் அல்லவா? இரண்டும் முடிந்தபோது நான்தான் முன்னணியில். துரைமார் கைகொடுத்தார்கள், கையுறையைக் கழற்றாமல்.

முன்னணியில் இருப்பவர் முதலில் போகலாம் என்று மறுநாள் மூன்றாவது பந்தயத்தில் எனக்கு ஒரு கௌரவம் தந்தார்கள். அதுதான் என்னைக் கவிழ்த்தது.

பறந்தேன். மேல் வளைவுக் கூட்டத்தில் ராசம்மா நின்றாள். கப்பு, மாலை, மாமாவின் அசட்டுச் சிரிப்பு எல்லாம் கண்முன் ஓடின. அப்போது கீழ் வளைவில் ஒரு ஹார்ன் கேட்டது. டயகமப் பெரிய துரையின் ஹார்ன்! (குறுக்கே வந்த மாட்டுக்கு அடித்ததாம். மாடு ஒதுங்கவில்லை.)

நான் ஒதுங்கினேன். இறங்கினேன். தொப்பியைக் கழற்றினேன்.

பெரிய துரையின் கார் கடந்து போனது. தோல் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட தலை லேசாக அசைந்தது. காரில் ஏறப் போனேன், அடுத்த துரை வந்துவிட்டார். ஒருவருக்கு நின்றுவிட்டு இன்னொருவருக்கு முதுகைக் காட்டலாமா? நின்றேன். இப்படியே அவரோடு சேர்த்து ஆறு கார்.

"ஏன்யா, நீ ரேசுக்கு வந்தியா, பெரட்டுக்கு வந்தியா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். (பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்பது.) அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவசரமாக ஏறி ஸ்டார்ட் செய்தால், ஏற்றத்தில் நின்ற கிழட்டுக் கார் முக்கியதே தவிர நகரவில்லை. சனம் தள்ளி உச்சிக்கு ஏற்றியது. ராசம்மா இனி எனக்கில்லை என்று நினைத்தபோது எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

உச்சியில் பெரிய துரையின் கார் நின்றது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியது சின்னையா மாமா! முந்தின நாள் ராத்திரி கிளப்பில் ஆடி துரை காலைச் சுளுக்கிக்கொண்டதால், தன் தொப்பியையும் கண்ணாடியையும் மாட்டி டிரைவரை அனுப்பியிருந்தார். ஜெயித்தது மாமா. கப்பைத் துரை தடி ஊன்றி வந்து வாங்கிக்கொண்டார்.

மாமாவின் கண் கலங்கியிருந்தது. அன்றே அம்மாவிடம் போய், "கப்பு கெடக்குது தங்கச்சி! கண்ணாடிய மாட்டியிருந்தும் மாமன்னு கண்டுபுடிச்சு, ரேச விட்டு எறங்கி நின்னான் பாரு, அவனுக்குத்தான் எம் புள்ள" என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். மஜீத் நானாவுக்கும் சந்தோஷம். நின்ற காரில் கடைப் பெயரைச் சனம் எழுத்துக்கூட்டி வாசித்ததாம்.

கல்யாணமான புதிதில் ராசம்மா தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே கேட்டாள்:

"எங்கப்பான்னு தெரிஞ்சுதான் ஒதுங்குனீங்களா?"

"பின்னே?" என்று மீசையைத் தடவினேன்.

"அப்ப பின்னால வந்த ஆறு வெள்ளக்காரனும் ஒங்களுக்கு மாமன் மொறையா?"

இன்றும் சுற்றுலா வேனில் வெள்ளைக்காரர் யாராவது போனால் பேத்தி கத்துகிறாள்: "தாத்தா, ஒங்க மாமனாரு போறாரு, எறங்கி நில்லுங்க!" தொப்பி போடுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். கை மட்டும் இன்னும் தலைக்குப் போகிறது.