நான் ரிஜெக்ட் செய்த நாவல்

கலவை ரேவதி எழுதிய நாவலை நான் ரிஜெக்ட் செய்துவிட்டேன். படிக்காமலே. வேண்டுமென்று செய்யவில்லை. நடந்துவிட்டது.

பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ஒரே தடவை எழுதிப் போட்டுவிடுகிறேன். அப்புறம் யாரும் இதற்காக போன் செய்யக் கூடாது.

நான் ஆம்பூரில் தோல் செலக்ஷன் பார்க்கிறவன். லாட்டு வந்தால் ஒவ்வொரு தோலாகப் புரட்டி, இது முதல் தரம், இது ரெண்டாம் தரம், இது ரிஜெக்ட் என்று பிரிக்க வேண்டும். கம்பெனியில் ரிட்டயர் ஆன பிறகும் கூப்பிட்ட இடத்துக்குப் போகிறேன். இப்போதெல்லாம் கூப்பிடுவது கம்மி.

பெண் கவிதா பெங்களூரிலிருந்து போன் செய்தாள்.

"ப்பா, வேலை தெரிஞ்சா மட்டும் பத்தாது. நாலு பேருக்கு உங்களைத் தெரியணும். பர்சனல் பிராண்டு வேணும்."

"பிராண்டா? எங்க தொழில்ல பிராண்டுன்னா மாட்டுக்குப் போட்ட சூடு. அது இருந்தா தோலு ஒரு கிரேடு கீழ இறங்கிடும்."

"ஐயோ ப்பா. சொல்றதைக் கேளுங்க."

கேட்டேன். ஆன்லைனில் ஒரு புத்தக வாசிப்புக் குழுவாம். 'பக்கம் புரட்டு' என்று பெயராம். வாட்ஸப்பில் பேசுவார்களாம், ஞாயிறு சாயங்காலம் வீடியோவில் கூடுவார்களாம். ஷூ கம்பெனி மேனேஜர், ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர் எல்லாம் அதில் இருக்கிறார்களாம்.

"நீங்க புத்தகத்தைப் பத்தி நாலு வார்த்தை நறுக்குனு சொன்னா, யாருடா இவருன்னு உங்க பேரைத் தட்டிப் பாப்பாங்க. அங்க 'லெதர் கன்சல்டன்ட், ஆம்பூர்'னு இருக்கும். முடிஞ்சுது."

"புத்தகம் படிக்கணுமா?"

"புத்தகக் குழுப்பா அது."

சேர்த்துவிட்டாள். நான் கோட்டு போட்ட போட்டோ ஒன்றையும் அவளே வைத்தாள். அந்தக் கோட்டு என் சம்பந்தியுடையது.

அந்த வாரம் எடுத்திருந்தது ரேவதியின் நாவல். கலவை என்கிற ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற பெண். முதல் நாவல். குழுவில் எல்லோருக்கும் அவளே பார்சல் அனுப்பியிருந்தாள். எனக்கும் வந்தது. வாங்கி டிவி பக்கத்தில் வைத்தேன். வெள்ளிக்கிழமை பிரித்துப் பார்க்கலாம் என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை பஷீர் பாய் கூப்பிட்டுவிட்டார்.

பஷீர் பாய் என் தோஸ்த். தோல் வாங்கி விற்கிறவர். அவர் தலையில் எவனோ ஒரு ஆட்டுத்தோல் லாட்டைக் கட்டப் பார்த்தான். குடோனுக்குப் போய்ப் புரட்டினேன். சகிக்கவில்லை. பாய் அப்போது அங்கே இல்லை. வீட்டுக்கு வந்து கை கழுவும்போது போன் துடித்தது. பாயின் மெசேஜ். 'இன்னா அண்ணே, எப்படி இருக்கு?'

டைப் அடிக்க எனக்குப் பொறுமை கிடையாது. மைக்கை அழுத்திப் பேசினேன்.

"படு மோசம். மேல பளபளப்பு ஏத்தி ஏமாத்தப் பாத்திருக்காங்க. நடுவுல லூசு. ஓரம் பூரா ஓட்டை. தொட்டா உயிரே இல்ல. ஆடு செத்ததும் நேரத்துக்கு உப்பு போடல, அதான் அழுகிப்போச்சு. இதைப் போய் எவன் கையில குடுக்கறது? மொத்தமும் ரிஜெக்ட். மூட்டை கட்டித் திருப்பி அனுப்பு."

அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

சாப்பிட்டு வந்தால் பாய் லைனில்.

"இன்னாண்ணே, ஒண்ணுமே சொல்லல? பார்ட்டி இங்கயே உக்காந்துக்கினு பேஜார் பண்றான்."

"சொன்னேனே பாய். மைக்குல."

"எனக்கு எதுவும் வரலியே."

ரிஜெக்ட் என்று சொல்லி வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். பாயின் மெசேஜைத் தொடப் போன நேரத்தில் குழு மெசேஜ் ஒன்று வந்து மேலே ஏறியிருக்கிறது. அதைத் தொட்டிருக்கிறேன். குழுவை நடத்துகிற செந்தில் என்கிற பையன் கேட்டிருந்தான். 'ரேவதியின் நாவல் பற்றி உங்கள் கருத்து என்ன? தயங்காமல் சொல்லுங்கள்.'

நேர் கீழே என் குரல். தயங்காமல் சொல்லியிருந்தேன்.

அழிக்கலாம் என்றால் அதற்குள் பதில்கள் வந்து குவிந்துவிட்டன.

'கடைசியில் ஒரு நேர்மையான குரல்.'

'ஐயா, ஆடு என்பது கதாநாயகிதானே?'

'உப்பு என்பது யதார்த்தம். நேரத்துக்குப் போடவில்லை என்கிறார். அபாரம்.'

'ஓரம் பூரா ஓட்டை' என்பதற்கு மட்டும் ஒருத்தர் இரண்டு பத்தி விளக்கம் எழுதியிருந்தார்.

கவிதா கூப்பிட்டாள். "ப்பா, கலக்கிட்டீங்க. அங்க எல்லாரும் உங்க பேச்சுதான்."

"அது ஆட்டுத்தோலுடி."

"எதுவா இருந்தா இன்னா, விடுங்க. இப்படியே மெயின்டெயின் பண்ணுங்க."

ஒரு மெர்ச்சண்டைசர் தனியாக மெசேஜ் போட்டிருந்தார். 'நீங்கள் லெதர் கன்சல்டன்டா? திங்கட்கிழமை பேசலாமா?'

பொய் சொல்வானேன். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் ரேவதி எழுதினாள். 'ஐயா சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். உண்மைதான். அடுத்த நாவல் பாதி எழுதியிருந்தேன். அதை இத்தோடு நிறுத்திவிட்டேன். நன்றி.'

செந்திலுக்கு போன் போட்டேன்.

"தம்பி, நான் சொன்னது தோலை."

"புரியுது சார். தோல்னா மேலோட்டமான எழுத்து."

"எழுத்து இல்ல தம்பி. தோலு. ஆட்டுத்தோலு."

"அருமை சார். இதையே ஞாயித்துக்கிழமை விரிவாப் பேசிடுங்க."

"யோவ், நான் தோலு பாக்கறவன்யா."

"நாம எல்லாருமே தோலை மட்டும்தான் சார் பாக்கறோம்."

வைத்துவிட்டேன்.

ரேவதிக்கே குழுவில் மைக்கில் சொன்னேன். "அம்மாடி, நான் உன் புத்தகத்தைச் சொல்லல. வேற ஒருத்தருக்குச் சொன்னது இங்க வந்துடுச்சு." உடனே குழு 'என்ன பெருந்தன்மை' என்றது. ரேவதி, 'ஆறுதலுக்காகச் சொல்ல வேண்டாம் ஐயா' என்றாள்.

மிச்சம் இருந்தது ஒரு வழிதான். புத்தகத்தைப் படிக்கவே இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் பிராண்டு போய்விடும். திங்கட்கிழமை போனும் போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு பெண்ணின் நாவல் பாதியில் கிடக்கும். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. ஞாயிறு வரை யோசித்தேன்.

ஞாயிறு சாயங்காலம் போனைச் செம்பில் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். கட்டம் கட்டமாக முகங்கள். ஒரு ஓரத்துக் கட்டத்தில், ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் ரேவதி. கண் வீங்கியிருந்தது.

செந்தில் ஆரம்பித்தான். "இன்னிக்கு நம்ம ஐயா தன்னோட உப்புக் கோட்பாட்டை விளக்கப் போறார்."

உப்புக் கோட்பாடு.

"அதாவது..." என்றேன். "புத்தகம்னு எடுத்துக்கிட்டா..." என்றேன். மெர்ச்சண்டைசர் வேறு முதல் கட்டத்தில் பேனாவும் கையுமாக இருந்தார்.

பின்னால் என் வீட்டம்மா சரோஜா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். ரெண்டு நாளாக நான் புலம்பியதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"ஏங்க, அழுத பொண்ணு அந்த ஓரத்துல இருக்கே, அதுவா?"

"நீ சும்மா இரு."

சும்மா இருக்கிற ஆளா? எழுந்து வந்து போன் முன்னால் குனிந்தாள். திரை முழுக்க அவள் நெற்றிதான்.

"இந்தாம்மா ரேவதி, இந்த ஆளு பேச்சைக் கேட்டா எழுதறதை நிறுத்தின? இவரு உன் புத்தகத்தைப் படிக்கவே இல்ல. பாரு."

டிவி பக்கத்தில் கிடந்த பார்சலைத் தூக்கிக் காட்டினாள். ஒட்டின டேப் ஒட்டினபடியே இருந்தது.

"இவரு திட்டினது பஷீர் பாய் ஆட்டுத்தோலை. கல்யாணம் ஆனதுல இருந்து இந்தத் திட்டைத்தான் கேட்டுக்கினு இருக்கேன். நான் வைக்கற கொழம்பையே ரெண்டாம் கிரேடுன்னுவாரு. நான் இன்னா, அடுப்பையா அணைச்சுட்டேன்?"

உப்பு என்றால் யதார்த்தம் என்று எழுதியவர் கேமராவை அணைத்துவிட்டார்.

ரேவதி மெதுவாகக் கேட்டாள். "நிஜமாவே படிக்கலியா சார்?"

"படிக்கல."

"ஒரு பக்கம் கூடவா?"

"பார்சலே பிரிக்கலம்மா."

"அப்ப அந்த உப்பு?"

"உப்புன்னா உப்புதான். தோலுக்குப் போடறது."

சிரிக்க ஆரம்பித்தாள். ஜெராக்ஸ் மிஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நிறுத்தினதை மறுபடி எடுத்துக்கறேன் சார். அடுத்த வாட்டி படிச்சுட்டாவது திட்டுங்க" என்றாள்.

"அப்படிச் சொல்லு" என்றாள் என் வீட்டம்மா. டேப்பைப் பல்லால் கிழித்து, பார்சலைப் பிரித்து, முதல் பக்கத்தை அங்கேயே சத்தமாகப் படித்தாள். முடித்துவிட்டு, "இந்த அம்மாக்காரி ஏன் கதவைத் திறக்கல?" என்று கேட்டாள். ரேவதி பதில் சொன்னாள். செந்தில் ஒன்று கேட்டான். மெர்ச்சண்டைசரும் ஒன்று கேட்டார். விளக்கு வைக்கிற நேரம் வரை பேசினார்கள்.

நான் அவரைக்காய் ஆய்ந்தேன்.

திங்கட்கிழமை மெர்ச்சண்டைசர் பேசவில்லை. கவிதா பேசினாள். அதை இங்கே எழுத முடியாது. பஷீர் பாய் மட்டும் அடுத்த லாட்டுக்குக் கூப்பிட்டார். நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தக் குழுவில் இன்னமும் என் நம்பர்தான் இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள். சரோஜா.