மூடியைத் திறக்காத மேதை

பெட்டியைத் திறந்து பார்க்காமலே உள்ளே இருக்கும் கோளாறைச் சொல்லிவிடுகிற ஓர் இனம் நம் நாட்டில் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டு மிக்சி நின்றுபோன அன்று, கூப்பிடாமலே வந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மிக்சியைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்த்து, நாக்கால் 'ச்சு' என்று ஒரு சத்தம் எழுப்பி, "காயில் போச்சி" என்று சொன்னாரே, அவர்தான். பிளக் மாட்டாமல் இருந்ததைப் பிற்பாடு நீங்கள் கண்டுபிடித்தபோது அவர் வெட்கப்பட்டாரா? ஊகூம். "காயில் பலவீனமா இருந்தாத்தான் பிளக் கழண்டுக்கும்" என்றார்.

ஒரு காலத்தில் இந்த இனத்துக்குப் பிழைப்பு கடினம். வீட்டில் ஒரு ரேடியோவும் கிணற்றில் ஒரு மோட்டாரும்தான் கெட்டுப்போகத் தகுதி பெற்றிருந்தன. தொண்ணூறுகளில் நாட்டின் கதவு திறந்தது. கலர் டி.வி. வந்தது, துணி துவைக்கும் இயந்திரம் வந்தது, செல்போன் வந்தது; பையன்கள் குவைத்துக்குப் போய், அரபியில் குறிப்பு எழுதிய சாமான்களாகப் பெட்டி பெட்டியாக அனுப்பினார்கள். குறிப்பைப் படிக்க ஆளில்லை என்றதும் நம்மவருக்குப் பொற்காலம் பிறந்தது. கடைசியாகக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரி ஊரில் இந்த இனத்தின் முதல் தரமான மாதிரி எத்திராஜ். விசைத்தறிக் கூடத்தில் மேஸ்திரி. திருப்பதியில் ஒரு மூன்று மாதக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து பதினொரு நாள் படித்தவர். பன்னிரண்டாம் நாள் ஏன் போகவில்லை என்று கேட்டால், "வாத்தியாருக்குத் தெரிஞ்சது எல்லாம் முடிஞ்சிபோச்சி" என்பார்.

இரண்டாயிரத்து ஆறில் அவருடைய அண்ணன் மகள் ஷோபாவுக்குத் தாய்வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. அவள் கணவன் நாகேந்திரன், குழந்தை வயிற்றில் நான்கு மாதமாக இருந்தபோது குவைத்துக்கு விமானம் ஏறியவன். மகளின் முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை நம் நேரத்துக்கு மாலை நான்கு மணிக்கு அங்கே ஒரு நெட் சென்டரில் கேமரா வைத்த கம்ப்யூட்டரை ஒரு மணி நேரத்துக்குப் பிடித்து வைத்திருந்தான். சனிக்கிழமை அவனைப் பாலைவனத்துக்குள் ஒரு கேம்ப்புக்கு அனுப்புகிறார்கள். ஐந்து மாதம் அங்கேதான். அங்கே நெட் கிடையாது. ஆக, அந்த வெள்ளிக்கிழமை விட்டால் குழந்தை உட்காரப் பழகிய பிறகுதான் அப்பன் பார்ப்பான். நகரியிலும் நெட் சென்டர் இருந்தது. ஆனால் முப்பது நாள் கழியாத குழந்தை வாசல்படி தாண்டக் கூடாது என்பது ஷோபாவின் அம்மா ஜெயம்மாவின் சட்டம். எனவே டெலிபோன் லைனில் இணைப்பு வாங்கியாயிற்று; கம்ப்யூட்டர்தான் வீட்டுக்கு வரவேண்டும்.

பாகங்களைச் சேர்த்துக் கடையிலேயே பூட்டித் தருகிறோம் என்றார்கள். எத்திராஜ் விடுவாரா?

"கடக்காரன் பூட்டிக் குடுத்தா உள்ள இன்னா போட்டான்னு நமக்கு எப்பிடித் தெரியும்?" என்று ரயிலேறிச் சென்னைக்குப் போய், கேமரா முதற்கொண்டு எல்லாச் சாமான்களையும் தனித்தனியாக வாங்கிவந்து, புதன்கிழமை காலையில் ஜெயம்மா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து தன் கையாலேயே பூட்டினார். பூஜை போட்டு, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டிச் சுவிட்சைத் தட்டினார்கள். திரை நீலமாக ஒளிர்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். ராகு காலம் வருவதற்குள் அணைத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலையில் பெட்டி 'பீப், பீப்' என்று இரண்டு முறை கத்தியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஒரு வரி வந்தது. ஒரு நிமிடத்தில் எல்லாம் அணைந்துபோனது.

அடுத்த வீட்டுக்காரன் என்ற முறையில் நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது எத்திராஜ் தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார்.

"அந்தே," அவ்வளவுதான், என்றார் தெலுங்கில், தீர்ப்புச் சொல்கிற குரலில். "பிராசஸர் போச்சி."

"எப்பிடி சின்ன நைனா சொல்ற?" என்று சித்தப்பாவைக் கேட்டாள் ஷோபா, குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே.

"ரெண்டு தபா கத்திச்சே, கேக்கல? ரெண்டு தபா கத்தினா பிராசஸர்."

"மூணு தபா கத்தினா?"

"பெரிய பிராசஸர்."

பிராசஸர் என்பது கம்ப்யூட்டரின் மூளை, அதைத் தொட்டால் தொலைந்தது என்று விளக்கமும் கொடுத்தார். போனது போனதுதான் என்றால் பேசாமல் இருக்க வேண்டியதுதானே? மாட்டார்கள். முதலில் கரண்டு ஏற்ற இறக்கம் என்று பிரிட்ஜின் ஸ்டெபிலைசரைப் பிடுங்கிக்கொண்டுவந்து மாட்டினார், பீப், பீப். பெட்டி தெற்கே பார்க்கிறது என்று வடக்கே திருப்பினார், பீப், பீப். பக்கத்துத் தறிக்கூடத்து அதிர்வு என்று அடியில் தலையணை வைத்தார். அது தலையணைமேல் படுத்துக்கொண்டும் பீப், பீப் என்றது. குழந்தை அழுகிற நேரமாகப் பார்த்துப் பெட்டி அணைவதைக் கண்டுபிடித்து, குழந்தையைச் சமையலறைக்கு நாடு கடத்தினார். கூடம் முழுக்கக் கோயில் கர்ப்பகிருகம்போல ஒரு மணம் வேறு அடித்துக்கொண்டிருந்தது. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "ஒரிஜினல் சாமான்னா வாசன வரும். டூப்ளிகேட்டுதான் நாறும்."

இத்தனைக்கும் அந்த வெள்ளை எழுத்து ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. வந்ததும் எத்திராஜ் கையால் மறைத்துவிடுவார்.

"சின்ன நைனா, அதுல என்னமோ எழுதிக்கினு வருதே. டெம்பரேச்சர்னு."

"அது கம்பெனிக்காரன் படிக்கறதுக்கு எழுதினது. நாம படிக்கக் கூடாது."

"டெம்பரேச்சர்னா ஜொரம்தானே? பிரசவத்தப்போ எனக்கு எழுதினாங்களே."

"பொட்டிக்கு ஜொரம் வருமா? நீ போயி புள்ளைக்குப் பால் குடும்மா."

"ஒரு தபா தொறந்துதான் பாக்கலாமே?"

எத்திராஜ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "தொறந்தா காத்து பூந்துடும்."

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அவர் கடைசி முடிவுக்கு வந்தார்: திங்கட்கிழமை சென்னைக்குப் போய் வேறு பிராசஸர் வாங்கி வருகிறேன். திங்கட்கிழமை! ஷோபா அழுதுவிட்டாள். அழுகை என்றால் சத்தமில்லாமல், பிள்ளையின் தலைமேல் சொட்டுகிற மாதிரி. எனக்கும் அதோடு வேடிக்கை தீர்ந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "அண்ணா, பஸ் ஸ்டாண்டாண்ட டி.வி. ரிப்பேர் பண்றாரே பச்சையப்பன், அவர இட்டுக்கினு வர்றியா?" என்றாள்.

பச்சையப்பன் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, மூன்று மணிக்குத்தான் வந்தார். தோல்பையைக் கீழே வைத்துப் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதும்மா," என்றார். "தொறந்து பாக்கலாம்."

இரண்டு நாளாக அந்த வீட்டில் ஒருவர் வாயிலிருந்தும் வராத வார்த்தை அது. தெரியாதாம்! எனக்கு அவர் காலில் விழலாம்போல இருந்தது.

"தெரியாதவன் கையில குடுக்கறியே," என்று எத்திராஜ் கூரையிடம் முறையிட்டார். அதற்குள் திருகாணிகள் கழன்று மூடி வந்துவிட்டது. பச்சையப்பன் உள்ளே விரலை வைத்தவர் வெடுக்கென்று இழுத்து வாயில் போட்டுக்கொண்டார். "அடேயப்பா! தோசக்கல்லாட்டம் கீது!"

ஆறவிட்டு, பிராசஸரின் மேலிருந்த உலோகக் கட்டியையும் விசிறியையும் சேர்த்துக் கழற்றினார். அடியில், பிராசஸர் நெற்றியில், காய்ந்து வெடித்துப் பொருக்காகிப்போன ஒரு மஞ்சள் பூச்சு. நடுவில் சிவப்பாக ஒரு வட்டம்.

ஜெயம்மா எட்டிப் பார்த்தாள். "அது நான் வெச்ச பொட்டாச்சே!"

எங்கள் பக்கத்தில் புதிதாக வந்த எதையும் பொட்டு வைக்காமல் ஓட்டமாட்டோம். டிராக்டரானாலும் தறியானாலும் சந்தனம் குங்குமம் உண்டு. அதில் தப்பில்லை.

"மேல வெக்கறத உள்ளாற ஏம்மா வெச்ச?" என்றார் பச்சையப்பன்.

"மூடி மேலதான் வெக்கப் போனேன். 'மேல வெச்சா தகரத்துக்குத்தான் சேரும் அண்ணி, பொட்டியோட உசுரு இதான், இதுக்கு வையி'ன்னு எத்திராஜுதான் காட்டினான். உசுராச்சேன்னு கொஞ்சம் கனமாவே வெச்சேன்."

"டி.வி.ல சூடாவற எடத்துல நாங்க வெள்ளையா ஒரு பேஸ்ட்டு தடவித்தான் தகரத்த மாட்டுவோம். சூடு அதுவழியாத்தான் மேல ஏறிப் போவணும். சந்தனம் ஈரமா இருந்த வரைக்கும் தாங்கியிருக்கும், காஞ்சதும் அடச்சிக்கிச்சி. இதுலயும் கம்பெனிக்காரன் ஏதோ பூசி அனுப்பியிருப்பானே?"

"சாம்பக் கலர்ல இருந்திச்சி," என்றார் எத்திராஜ் மெதுவாக. "அழுக்குன்னு சொரண்டிட்டேன்."

பச்சையப்பன் ஒரு துணியை நனைத்துக்கொண்டுவரச் சொன்னார். நல்ல மனிதர். ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, பையிலிருந்த டியூபைப் பிதுக்கிப் பயறளவு வெள்ளைப் பேஸ்ட் வைத்து, விசிறியை அழுத்தி மாட்டினார். மூன்று ஐம்பதுக்குச் சுவிட்சைத் தட்டினார். ஒரே ஒரு பீப். திரை நீலமாயிற்று. ஐந்து நிமிடம் ஆயிற்று; அணையவில்லை. நாங்கள் எல்லோரும் எத்திராஜைப் பார்த்தோம். மனிதன் எங்கே போய் ஒளிவான்?

ஒளிவதா! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "நான் மொதல் நாளே இன்னா சொன்னேன்? கோளாறு பிராசஸராண்டன்னு சொன்னேனா இல்லியா?"

சொன்னார்தான். என்ன செய்வது?

நான்கு மணிக்குத் திரையில் நாகேந்திரன் கட்டம் கட்டமாக வந்தான். ஷோபா குழந்தையைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். அவன் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தான். பிறகு, "வாயப் பாரு, அப்பிடியே எங்கம்மா," என்றான். ஜெயம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது, சொல்வதற்கென்ன? எத்திராஜ்கூடத் தலையைச் சாய்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நாகேந்திரனின் படம் சிரித்த வாக்கில் அப்படியே உறைந்துபோனது. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது: "இன்னும் கிட்டக்க காட்டு, ஷோபா, இன்னும் கிட்டக்க." அவள் குழந்தையைத் திரையோடு திரையாக வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமும் நின்றாள்.

"குவைத்து பிராசஸர் போச்சி," என்றார் எத்திராஜ் என் காதில்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் வியாழக்கிழமை பெட்டி அணைந்தது என்று படித்த இடத்திலேயே, 'ரேம் சரியா உட்காரல' என்றோ, 'பவர் சப்ளை மட்டமான சரக்கு' என்றோ மனதுக்குள் தீர்ப்பெழுதியது யார்? அந்த இரண்டு நாளும் நான் தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் மதர்போர்டு என்று உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நான் ஒப்புக்கொண்டேன். நீங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. 'இருந்தாலும் ரேமையும் ஒரு தடவை கழற்றி மாட்டியிருக்கலாம்' என்றுதான் இந்த நிமிடமும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வாருங்கள், எத்திராஜ் பக்கத்தில் இடம் இருக்கிறது. உங்களுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லட்டுமா?